ஃபிலிம் கேமராவில் முதல் ரோல்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பென்டாக்ஸ் கே1000 என்ற கேமரா 1976-ல் சந்தைக்கு வந்தது. வரும்போதே அது பழைய பாணிதான். தானாக ஃபோகஸ் செய்யாது. வெளிச்சத்துக்கு ஏற்ப எதையும் தானாக மாற்றிக்கொள்ளாது. செல்ஃப் டைமர்கூடக் கிடையாது. அதே ஆண்டு வந்த கேனான் ஏஇ-1-இன் உள்ளே மைக்ரோபிராசஸரே இருந்தது. ஆனாலும் கே1000 பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் 1997 வரை தயாரிப்பில் இருந்தது. இன்றும் புதிதாக ஃபிலிமுக்கு வருபவர்கள் விசாரிக்கும் பெயர்களில் அது முன்வரிசையில் இருக்கிறது.

இந்தக் கவர்ச்சிக்குப் பலர் சொல்லும் காரணம் ‘ஃபிலிம் லுக்’. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெளிறிய நிறம், கிரெய்ன் என்ற பொடிப்பொடிச் சொரசொரப்பு எல்லாம் ஃபோனில் ஒரு ஃபில்டர் போட்டால் வந்துவிடும். அதற்காக மட்டும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். கையால் இயக்கும் கேமராவில் விஷயம் வேறு. எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது, எவ்வளவு நேரம் விடுவது, எங்கே ஃபோகஸ் வைப்பது என்ற மூன்று முடிவையும் பட்டனை அழுத்தும் முன்பே நீங்கள் எடுத்தாக வேண்டும். எடுத்தபின் பார்க்க முடியாது. ஒரு ரோலில் 36 படம்தான். இந்தக் கட்டாயத்தில்தான் கண் வெளிச்சத்தைக் கவனிக்கத் தொடங்குகிறது. அது பழகிவிட்டால் அப்புறம் நீங்கள் ஃபோனில் எடுக்கும் படம்கூட மாறிவிடும்.

ஃபிலிம் இன்னும் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும். 2012-ல் கோடாக் திவால் மனு கொடுத்தபோது கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் வகை) 2018-ல் திரும்பி வந்தது. லைக்கா தன் பழைய எம்6 கேமராவை 2022-ல் மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம்புதிய ஃபிலிம் கேமராவே வந்தது. மலிவா என்றால் இல்லை. கலர் ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் கூட்டி 36-ஆல் வகுத்தால் ஒரு க்ளிக்குக்குச் சுமாராக முப்பதிலிருந்து ஐம்பது ரூபாய் வரும். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

எந்தக் கேமரா?

கடைக்குப் போகும் முன் பரணைப் பாருங்கள். தொண்ணூறுகளில் படம் எடுத்த வீடுகளில் யாஷிகா எம்எஃப்-2, கோடாக் கேபி-10 போன்றவை இன்னும் கிடக்கும். அவை நல்ல கேமராக்கள்தான், ஆனால் ஃபோகஸும் ஷட்டரும் (வெளிச்சம் எவ்வளவு நேரம் விழும் என்பதைத் தீர்மானிக்கும் திரை) நிலையாக அமைக்கப்பட்டவை. ஃபிலிமை ருசி பார்க்கலாம், கைவேலையைக் கற்றுக்கொள்ள முடியாது. தாத்தா காலத்து ஆக்ஃபா கிளிக் III கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு வேண்டிய 120 என்ற அகலமான ரோல் இன்றும் விற்பனையில் இருக்கிறது, ரோலுக்குப் 12 படம். ஆனால் முதல் பாடத்துக்கு அதுவும் வேண்டாம்.

நமக்கு வேண்டியது 35 மிமீ எஸ்எல்ஆர். லென்ஸ் வழியாகவே பார்ப்பீர்கள், ஷட்டருக்கு ஒரு டயல், அப்பர்ச்சருக்கு (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) லென்ஸில் ஒரு வளையம், ஃபோகஸுக்கு இன்னொரு வளையம். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம், எஃப்எம்2, எஃப்எம்10, ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்-டி 101, ரஷ்ய ஸெனிட் இதெல்லாம் இந்த வகை. எஃப்எம்10-ஐ விஸ்காம் படித்த அண்ணனோ அக்காவோ எங்காவது வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அலமாரியில் சும்மா தூங்கும் கேமராவை வாங்குவதுதான் விலையிலும் நம்பிக்கையிலும் நல்லது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பேட்டரி இல்லாமல் ஷட்டர் அடிக்குமா? மேலே சொன்ன எல்லாவற்றிலும் அடிக்கும். பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். கேனான் ஏஇ-1-இல் பேட்டரி தீர்ந்தால் கேமராவே தீர்ந்தது. அது மோசமான கேமரா என்று சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வயதான எலக்ட்ரானிக் சர்க்யூட் செத்துப்போனால் அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம், இயந்திரக் கோளாறு என்றால் பழைய மெக்கானிக் ஒருவர் எங்காவது இருப்பார்.

பேட்டரியில் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஓஎம்-1 போன்ற எழுபதுகளின் கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தப்புக் கணக்குச் சொல்லும். கே1000-க்கும் எஃப்எம்2-வுக்கும் அந்தத் தொல்லை இல்லை. கடிகாரக் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 பட்டன் பேட்டரி போதும். கே1000-இல் மீட்டரை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி மிஞ்சும்.

லென்ஸ் 50 மிமீ ஒன்று போதும், எஃப்/1.8 அல்லது எஃப்/2 (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). அந்தக் காலத்தில் கேமராவோடு சேர்த்தே விற்ற லென்ஸ் என்பதால் விலையும் குறைவு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் வாழ்நாள் வேலையின் பெரும்பகுதியை 50 மிமீயிலேயே முடித்தவர். ஜூம் லென்ஸையும் சேர்த்துத் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், கேமராவில் மாட்ட வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இங்கே அவசரப்படக் கூடாது. ஒரு சின்ன டார்ச்சும் இரண்டு புது பேட்டரியும் எடுத்துப் போங்கள். நல்ல விற்பனையாளர் நீங்கள் நிதானமாகப் பார்ப்பதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

முதலில் லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. ஓரத்திலிருந்து உள்ளே சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் ஓடினால் அது பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்தில், அதுவும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில், லென்ஸுக்கு முதல் எதிரி அதுதான். லேசாக இருந்தால் சுத்தம் செய்யலாம். ஆழமாக இருந்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும். அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் இருந்தால் இதழ்கள் மெதுவாக மூடும், படம் வெளுத்துவிடும்.

அடுத்து கேமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸ் இல்லாமல், ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அடியுங்கள். 1/1000-இல் ஜன்னல் பக்கம் பிடித்தால் ஒரு கணம் முழுச் செவ்வகமாக வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருட்டாக இருந்தால் திரை இரண்டும் சேர்ந்து ஓடவில்லை. பிறகு 1 விநாடி. ‘ஸ்ஸ்ஸ்ர்’ என்று சீராக ஓடி ‘டிக்’ என்று முடிய வேண்டும். நடுவில் திக்கினாலோ, மூன்று விநாடி இழுத்தாலோ உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இது சர்வீஸில் சரியாகும், அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

கதவின் ஓரங்களில் ஒளி புகாமல் இருக்க ஒரு மெல்லிய நுரைப் பட்டை இருக்கும். பழைய கேமராவில் அது கறுப்புப் பிசினாகி விரலில் ஒட்டும். அதற்குப் பயப்பட வேண்டாம், மாற்றுவது எளிது, செலவும் குறைவு. ஆனால் மாற்றாமல் ரோல் போட்டால் படங்களில் ஆரஞ்சு நிறக் கோடுகள் விழும்.

கடைசியாக பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை பூத்திருந்தால் பழைய பேட்டரி ஒழுகியிருக்கிறது. புது பேட்டரியைப் போட்டு, ஜன்னலையும் பிறகு மேசைக்கு அடியையும் பாருங்கள். மீட்டர் முள் நகர்ந்தால் சரி. மீட்டர் செத்திருந்து மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் வாங்கலாம். ஃபோனில் இலவச லைட் மீட்டர் செயலிகள் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன.

வாங்கி வந்தபின் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள், தோல் உறையிலும் வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தை வாங்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். அரிசியில் புதைப்பது வேண்டாம், தவிட்டுத் தூசி லென்ஸுக்குள் போகும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து கேமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

எந்த ரோல்?

முதல் ரோலுக்கு என் சிபாரிசு கறுப்பு வெள்ளை, ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை வாங்கும் திறனின் எண்) 400. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் அல்லது கோடாக் டிரை-எக்ஸ். ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆவது) முன்னே பின்னே போனாலும் படம் தப்பிக்கும், நிழலிலும் கைகொடுக்கும். விலை குறைவாக வேண்டுமென்றால் செக் நாட்டு ஃபோமாபான். கலர்தான் வேண்டும் என்றால் கோடாக் கோல்டு 200 அல்லது கலர்பிளஸ் 200. ஸ்லைடு ஃபிலிமைத் தொடவே வேண்டாம். அரை ஸ்டாப் தவறினாலும் அது மன்னிக்காது.

நமக்கென்று ஒரு ஃபிலிம் ஊட்டியிலேயே தயாரானது இந்தத் தலைமுறைக்கு அதிகம் தெரியாது. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டது. கறுப்பு வெள்ளை ரோல், எக்ஸ்ரே ஃபிலிம், ஃபோட்டோ பேப்பர் எல்லாம் ‘இந்து’ என்ற பெயரில் அங்கிருந்து வந்தன. பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அந்தப் பெயர் தானாக வரும். ஆலை மூடிவிட்டது, இந்து நகர் என்ற பெயர் மட்டும் ஊட்டியில் மிச்சம். பழைய இந்து ரோல் எங்காவது கிடைத்தால் நினைவுக்கு வாங்கி வையுங்கள், முதல் ரோலாகப் போடாதீர்கள். காலாவதியான ரோலில் படம் கெட்டால் தவறு உங்களுடையதா ரோலுடையதா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. சினிமா ஃபிலிமை வெட்டி 35 மிமீ டப்பாவில் சுற்றி மலிவாக விற்கிறார்கள். தரமான ஃபிலிம்தான். ஆனால் கோடாக் விஷன்3 போன்றவற்றின் பழைய தயாரிப்புகளின் முதுகில் ரெம்ஜெட் என்ற கறுப்புக் கரிப் பூச்சு இருக்கும். அதைச் சாதாரண கலர் லேபில் கொடுத்தால் அந்த ரசாயனத்தையே பாழாக்கிவிடும். லேபில் கொடுக்கும்போது இது சினிமா ஃபிலிம் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

ரோலை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஓரிரு மணி நேரம் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் ஃபிலிமில் ஈரம் கோக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடவே கூடாது. விமானத்தில் போனால் ரோலை செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய வகை சிடி ஸ்கேனர்கள் ஒரே தடவையில் ஃபிலிமைக் கெடுக்கக் கூடியவை.

ரோல் மாட்டுவது

நேர் வெயிலில் வேண்டாம், ஒரு நிழல் பார்த்து உட்காருங்கள். கேமராவின் இடப்பக்கம் மேலே இருக்கும் ரீவைண்ட் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு ‘டக்’ என்று திறக்கும். (ஸெனிட் போன்ற சிலவற்றில் பக்கத்தில் தனித் தாழ்ப்பாள் இருக்கும்.) இடப்பக்கக் குழியில் ரோலை வைத்து, குமிழைக் கீழே அழுத்துங்கள். சரியாக அமரவில்லை என்றால் குமிழை லேசாகத் திருகுங்கள், தண்டு ரோலின் துளைக்குள் இறங்கிவிடும்.

இப்போது ரோலின் நாக்கை வலப்பக்கம் இழுத்து, சுருட்டும் தண்டின் பிளவில் நுழையுங்கள். வைண்டிங் லீவரை மெதுவாக ஒருமுறை இழுங்கள். இங்கேதான் கவனம். ஃபிலிமின் மேல் ஓரத்துத் துளைகளும் கீழ் ஓரத்துத் துளைகளும் இரண்டுமே பல்சக்கரத்தில் மாட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். இரண்டும் மாட்டியபின் கதவை மூடுங்கள்.

மூடியதும் ரீவைண்ட் கைப்பிடியை அம்பு காட்டும் திசையில் மெதுவாகத் திருகி ஃபிலிமின் தொய்வை எடுங்கள், லேசாக இறுகியதும் நிறுத்திவிடுங்கள். பிறகு சுற்றுவதும் அடிப்பதுமாக இரண்டு வெற்று க்ளிக். அப்படிச் சுற்றும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழையே பாருங்கள். அது தானாகச் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலவில்லை என்றால் ஃபிலிம் தண்டிலிருந்து நழுவிவிட்டது, கதவைத் திறந்து மறுபடி மாட்டுங்கள். எண்காட்டி 1, 2 என்று போவதை மட்டும் நம்பாதீர்கள், ஃபிலிம் இல்லாமலும் அது போகும். ரோல் முழுவதும், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்தக் குமிழை ஓரக்கண்ணால் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓவை 400-க்கு வையுங்கள், பல கேமராக்களில் ஷட்டர் டயலின் வெளி வளையத்தைத் தூக்கித் திருகினால் அது மாறும். பழைய கேமராவில் ஏஎஸ்ஏ என்று இருக்கும், இரண்டும் ஒரே எண்தான். ரோல் டப்பாவின் அட்டையைக் கிழித்து ஒரு துண்டைக் கேமராவின் முதுகில் ஒட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பது மறக்காது.

வெளிச்சத்தைப் படிப்பது

இதுதான் கட்டுரையின் உயிர்நாடி, கொஞ்சம் நீளமாகவே போகும்.

அப்பர்ச்சர் எண்கள்: 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் எண்கள்: 1/30, 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000. இங்கேயும் ஒவ்வொரு படிக்கும் பாதி. இந்தப் பாதிக்குத்தான் ஸ்டாப் என்று பெயர். ஆக, ஒன்றை ஒரு படி ஏற்றினால் மற்றதை ஒரு படி இறக்கினால் போதும், ஃபிலிமில் விழும் வெளிச்சம் மாறாது. எஃப்/8, 1/250 என்பதும் எஃப்/11, 1/125 என்பதும் ஒன்றுதான். மாறுவது ஃபோகஸின் ஆழமும், அசைவு உறையும் விதமும்.

மீட்டர் பார்க்காமலே கணக்குப் போட ஒரு பழைய விதி இருக்கிறது, சன்னி சிக்ஸ்டீன். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/500. அங்கிருந்து இறங்கிக்கொண்டே வாருங்கள்: மெல்லிய மேகத்தில் வெயில், நிழலின் ஓரம் மங்கினால் எஃப்/11, நிழலே விழாத மூடாப்பு என்றால் எஃப்/8, திறந்த வானத்தின் கீழ் கட்டட நிழல் அல்லது மரத்தடி என்றால் எஃப்/5.6. வெள்ளை மணல் பரந்த கடற்கரையில் நட்டநடு வெயில் என்றால் எஃப்/22.

அதாவது நீங்கள் பார்க்க வேண்டியது சூரியனை அல்ல, தரையில் விழும் நிழலை. அதன் ஓரம் கூர்மையா, மங்கலா, நிழலே இல்லையா? ஒரு வாரம் கேமரா இல்லாமலே இதைப் பழகுங்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ‘எஃப்/8, ஐநூறு’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, ஃபோன் செயலியில் சரிபாருங்கள். நாலைந்து நாளில் பெரும்பாலும் ஒரு ஸ்டாப்புக்குள் வந்துவிடுவீர்கள்.

சரி, கேமராவில்தான் மீட்டர் இருக்கிறதே, பிறகு எதற்கு இது? மீட்டர் ஏமாறும். உலகம் முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு அது அளக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் சுண்ணாம்பு அடித்த சுவர் முன் நிற்கிறார் என்று வையுங்கள். ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்’ என்று மீட்டர் குறைக்கச் சொல்லும். அதைக் கேட்டால் வேட்டி அழுக்குச் சாம்பலாகும், முகம் கரிபிடித்துப் போகும். அங்கே மீட்டர் சொல்வதைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக விடுங்கள். கறுப்புக் கல் சிலை ஃபிரேம் முழுக்க இருந்தால் நேர் எதிர்: மீட்டர் கூட்டச் சொல்லும், நீங்கள் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும்.

முகத்துக்கு ஒரு சுலப வழி உள்ளங்கை. உங்கள் தோல் என்ன நிறமானாலும் உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளுப்பாகத்தான் இருக்கும். படம் எடுக்கப்போகிறவர் மேல் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் கையை நீட்டி, வியூஃபைண்டர் முழுக்க உள்ளங்கை தெரியும்படி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஜன்னல் இருந்தாலும் வெள்ளைச் சுவர் இருந்தாலும் இந்த அளவு மாறாது.

மெரினாவில் காலையில் எடுப்பவர்கள் இதை அவசியம் பழக வேண்டும். கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் எப்போதும் ஆளுக்குப் பின்னால்தான் இருக்கும். மீட்டரை அப்படியே நம்பினால் வானம் அழகாக வரும், ஆள் வெறும் கறுப்பு உருவமாக வருவார். அதுதான் வேண்டும் என்றால் சரி. முகம் வேண்டுமென்றால் உள்ளங்கையை அளங்கள். அல்லது கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். காலை ஏழு மணி வெளிச்சம் முகத்தில் நேராக விழும் திசை அதுதான், என்னைக் கேட்டால் மெரினாவின் நல்ல படங்களும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வது? நெகட்டிவ் ஃபிலிமுக்கு வெளிச்சம் கூடினால் சமாளிக்கும், குறைந்தால் சமாளிக்காது. நிழலில் ஃபிலிமில் ஒன்றும் பதியவில்லை என்றால் லேபில் யாராலும் அதை வரவழைக்க முடியாது. ஆகவே நிழலுக்கு அளங்கள், சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். டிஜிட்டலில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், அங்கே வெளுத்துப்போன பகுதிதான் திரும்பி வராது.

கை நடுக்கம்: 50 மிமீ லென்ஸில் 1/60-க்குக் கீழே கையில் பிடித்து எடுப்பதைத் தவிருங்கள். வேறு வழியில்லை என்றால் தூணில் சாய்ந்து, மூச்சை விட்டபின் மெதுவாக அழுத்துங்கள்.

ஃபோகஸ்

வியூஃபைண்டர் நடுவில் பல கேமராக்களில் பிளவு வட்டம் இருக்கும். ஒரு நேர்க்கோட்டை, கதவு விளிம்பையோ சட்டைக் காலரையோ, அதன் மேல் வைத்து, மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும்வரை வளையத்தைத் திருகுங்கள். கே1000-இல் பிளவுக்குப் பதில் பொடிக் கட்டங்களாக மின்னும் வட்டம் இருக்கும். மினுமினுப்பு அடங்கினால் ஃபோகஸ் வந்துவிட்டது. முகம் என்றால் கண்ணுக்கு.

தெருவில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. லென்ஸின் மேல் தூரம் எழுதிய வளையமும், அதற்குக் கீழே இரண்டு பக்கமும் 4, 8, 11, 16 என்று கோடுகளும் இருக்கும். முக்கால்வாசிப் பேர் கண்டுகொள்ளாத அற்புதமான வசதி அது. எஃப்/11 வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்துங்கள். 50 மிமீ லென்ஸில் சுமார் 2.2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். ஐஎஸ்ஓ 400, கட்டட நிழல் என்றால் ஷட்டர் 1/125. இனி கேமராவைத் தூக்குவதும் அடிப்பதும் மட்டுமே வேலை, ஃபோகஸ் வளையத்தைத் தொட வேண்டாம். கோயம்பேடு பூ மார்க்கெட் மாதிரி இடத்தில் எந்த ஆட்டோஃபோகஸைவிடவும் இது வேகம். ஒரே நிபந்தனை, மூன்று மீட்டர் என்றால் எவ்வளவு என்று உங்கள் காலடிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சிறு நோட்டில் படத்தின் எண், அப்பர்ச்சர், ஷட்டர், வெளிச்சம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஃபிலிம் உங்களுக்காக இதைக் குறித்து வைக்காது. ரோல் கழுவி வரும்போது எந்தப் படம் ஏன் இருண்டது என்று சொல்லப்போவது அந்த நோட்டு மட்டும்தான்.

ரோல் முடிந்ததும்

36-க்கு அருகில் லீவர் பாதியில் நின்றுவிடும். பலம் கொடுத்து இழுக்காதீர்கள், ஃபிலிம் துளை கிழியும் அல்லது ரோலிலிருந்தே பிய்ந்து வந்துவிடும். கேமராவின் அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டு, ரீவைண்ட் கைப்பிடியை நிமிர்த்தி அம்புத் திசையில் சுற்றுங்கள். சுற்றச் சுற்ற இறுக்கமாக இருக்கும், கடைசியில் ‘பட்’ என்று விட்டு லேசாகச் சுழலும். அதன் பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.

கலரை லேபிலேயே கொடுங்கள். சி-41 என்ற அந்த முறைக்கு ரசாயனம் 38 டிகிரி செல்சியஸில் சரியாக நிற்க வேண்டும், முதல் ரோலில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். உங்கள் ஊரில் லேப் இல்லை என்றால் கூரியரில் வாங்கிக் கழுவி அனுப்புபவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், கழுவவும் வேண்டும் என்பேன். ஒளி புகாத டேங்க், இருட்டில் ஃபிலிமை எடுத்து டேங்கில் போட உதவும் சேஞ்சிங் பேக் என்ற ஒளி புகாத பை, தெர்மாமீட்டர், படத்தை வரவழைக்கும் டெவலப்பர், ஹைப்போ என்று நம் ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும், படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர், இவ்வளவுதான் சாமான். டெவலப்பருக்கு 1927-லிருந்து இருந்துவரும் கோடாக் டி-76 போதும். அதைத் தண்ணீரோடு சரிபாதி கலந்து, 20 டிகிரியில் எச்பி5 ஃபிலிமை 11-லிருந்து 13 நிமிடம் கழுவ வேண்டும். முதல் பத்து விநாடி டேங்கை நாலு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே மாதிரி. தண்ணீரில் ஒரு அலசு, ஃபிக்ஸரில் ஐந்து நிமிடம், அப்புறம் தண்ணீரில் கடைசி அலசல்.

நம் ஊரில் குழாய்த் தண்ணீரே 28, 30 டிகிரி இருக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் போட்டு, ரசாயனப் பாட்டில்களை அதில் நிறுத்தி 20-க்குக் கொண்டுவாருங்கள். அவ்வளவு இறக்க முடியாவிட்டால் 24-இல் சுமார் 8-லிருந்து 9 நிமிடம். எதுவானாலும், கடைசியில் அலசும் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த ரசாயனத்திலிருந்து எடுத்துச் சுடுதண்ணீர் மாதிரியான குழாயில் காட்டினால் ஃபிலிமின் மேற்பூச்சு சுருங்கி வெடிக்கும்.

இன்னொரு ஊர்ப் பிரச்சினை வியர்வை. சேஞ்சிங் பேக்குக்குள் கை விட்டு ஐந்து நிமிடத்தில் உள்ளே நீராவியாகிவிடும். டேங்குக்குள் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் பிளாஸ்டிக் ரீலில் ஈரம் பட்டால் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. மே மாதமானால் இரவில், ஃபேன் ஓடும் அறையில், ரீலை முன்கூட்டியே நன்றாக உலர்த்திவிட்டுச் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு வீணான ரோலை வெளிச்சத்தில் பத்துத் தடவை, கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை ரீலில் ஏற்றிப் பழகிவிடுங்கள்.

லேபில் கொடுத்தாலும் சரி, நீங்களே கழுவினாலும் சரி, நெகட்டிவைப் பத்திரப்படுத்துங்கள். சில லேப்கள் ஸ்கேனை மெயிலில் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் கேட்டால்தான் தருவார்கள், கொஞ்ச நாளில் தூக்கிப்போடவும் செய்வார்கள். கொடுக்கும்போதே ‘நெகட்டிவ் திரும்ப வேணும், ஆறு ஆறா வெட்டிக் குடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். ஆறு படத் துண்டுகளாக வெட்டி, ஃபோட்டோ கடையில் கிடைக்கும் நெகட்டிவ் ஸ்லீவில் போட்டு, மேலே தேதியும் ரோல் எண்ணும் எழுதி, லென்ஸ் இருக்கும் அதே சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். நோட்டில் அந்த ரோலின் பக்கத்துக்கும் அதே எண்ணைப் போட்டுவிட்டால் எந்தப் படத்தையும் தேடி எடுக்க ஒரு நிமிடம் போதும்.